காராகவும் ஓடாது, ஆளாகவும் நிற்காது

இந்தப் பொம்மையைப் பற்றி நல்லதாகவும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சிவப்பு நிறக் கார் அது. இரண்டு கதவையும் வெளியே இழுத்தால் கைகள். பின்பக்கத்தைப் பிளந்து நீட்டினால் கால்கள். முன்மூடியை மடக்கினால் மார்பு. உள்ளே ஒளிந்திருக்கும் தலையை நகத்தால் நெம்பினால் ‘டக்’கென்று வெளியே வரும். ரோபோ தயார். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த படத்தில் அது ஏதோ ஒரு எரிமலைக்கு மேல் நின்று முஷ்டியை ஓங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மேசையில் நிறுத்தினால் குப்புற விழும். சுவரில் சாய்த்தால் பக்கவாட்டில் விழும். சரி, காராகவாவது உருப்படுமா என்று தள்ளிவிட்டால் ஒரு சாண் தூரம் போய், இடது பக்கம் திரும்பி நின்றுகொள்ளும்.

இதில் நாற்றம் வேறு. புதுச் செருப்பையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்தது போல ஒரு வாடை. ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் துணி, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம் ஏறியிருக்கும். எங்களுக்கு அது தெரியாது. இந்தச் சனியன் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வாசம் இருந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. அதன் மேல் அடித்திருந்த வெள்ளிப் பூச்சு தொட்டால் விரலில் ஒட்டும். ஒரு நாள் சோற்றுத் தட்டில் மினுமினுவென்று ஒரு செதில் கிடந்தது. தட்டோடு கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினேன். கோழியும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் கொத்தியது.

அது எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் லயம் இருக்கிறது. லயம் என்றால் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் போகும் பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததும் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பேர் வருகிறதோ அந்தப் பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் ஆகி ஒரு பரிசு கொடுக்க வேண்டும். யாருக்கு யார் என்று சொல்லக் கூடாது. மரம் ஜோடிக்கிற அன்றைக்குப் பொட்டலத்தில் பெறுகிற பிள்ளையின் பேரை மட்டும் எழுதி வைத்துவிட வேண்டும். என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. ஸ்கெட்ச் பேனா செட் வரும், இல்லாவிட்டால் பாசிமணி போட்ட ஹேர்பேண்டாவது வரும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தவள் அப்படியே என்னிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கும்மா இந்தக் கருமம்?”

யாரோ வீட்டில் வேண்டாமென்று கிடந்ததைப் பளபளத் தாளில் சுற்றித் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, தூசி படிந்திருந்தது. குழந்தை இயேசுவின் பேரைச் சொல்லி வீட்டுக் குப்பையைக் கழிக்கிற மனசு எப்படித்தான் வருகிறதோ. வாய்விட்டுக் கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. என் வலது கைதான் காரணம்.

ஐப்பசி மழையில் காய்க் கூடையோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கம்பத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வீட்டைப் பற்றித்தான் கவலை. எங்கள் எஸ்டேட்டில் லயத்து வீடு வேலை செய்கிறவர் பேரில்தான் தருவார்கள். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். அடிவாரத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களை மெட்டுக்கு ஏற்றி இறக்குகிறார். எஸ்டேட் பதிவேட்டில் அவருக்குப் பேர் கிடையாது. பேர் எனக்குத்தான். என் கை காய் எடுத்தால் எங்களுக்கு வீடு. எடுக்காவிட்டால் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டும். மகளுடைய பள்ளிக்கூடம் இங்கே, அவருடைய ஓட்டம் இங்கே. கீழே எங்களுக்கென்று ஒரு கூரையும் இல்லை.

கட்டுப் போட்ட டாக்டர் விரல்களை மட்டும் அடிக்கடி மடக்கி நீட்டச் சொன்னார். அவர் சொன்னது ஒரே தடவை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டு அக்கா தினமும் வந்து சொன்னாள். கோவில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவளுடையது, மற்ற எல்லா விஷயங்களிலும்கூட அப்படித்தான்.

“விரல ஆட்டிப்புடாத தாயி. உள்ளுக்குள்ள எலும்பு வெலகிப்போச்சுன்னா கை கோணலாத்தான் கூடும். எங்க சித்தி ஒருத்திக்கு அப்பிடித்தான் ஆச்சு.”

வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சொன்னார்கள், ஹார்லிக்ஸோடு வந்து சொன்னார்கள். நானும் கையைச் செத்த பாம்பைப் போல மடியில் போட்டுக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல், அத்தனை வாரமும் உட்கார்ந்திருந்தேன்.

கட்டைப் பிரித்த அன்றைக்கு எனக்குக் கிடைத்தது என் கையே அல்ல. வெளிறிப்போய், தோல் சுருண்டு உரிந்து, ஈரச் சாக்கை மூலையில் போட்டு வைத்த நாற்றத்தோடு ஒன்று முழங்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் அழுக்கு மாவும் புதிதாக முளைத்த பூனை மயிரும். விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டன. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. அதைக் கொண்டு சோற்றைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. இடது கையால் சாப்பிட அதைவிட அருவருப்பு. ஸ்பூனால் சாப்பிட்டேன். மகள் என் பக்கத்தில் படுக்கும்போது அந்தக் கை அவள் மேல் படாமல் தள்ளி வைத்துக்கொண்டேன்.

கம்பத்தில் ஒரு பிசியோதெரபி மேடம் இருந்தார். என் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, “நுனி ரெண்டும் சேரணும்மா. சேந்து பிடிக்கணும். உங்க வேலைக்கு அதுதான முக்கியம்?” என்றார். அவர் சொன்னது சரி. ஏலக்காய் மரத்தில் காய்க்கிறதில்லை. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படுத்துக் கிடக்கும். அந்தச் சரத்தில் முற்றிய காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். குனிந்து உட்கார்ந்து, முற்றியதை மட்டும் இரண்டு விரல் நுனியால் திருகி எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் சரம் கிழிந்துவிடும். சரம் கிழிந்தால், நாற்பது நாள் கழித்து வரும் அடுத்த எடுப்புக்கு அதில் காய் இருக்காது.

மேடம் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்தில் சிரித்த முகம் வரைந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற மனுஷியைப் பார்த்து எதற்கு அப்படி ஒரு இளிப்பு? இருந்தாலும் அமுக்கினேன். நாள் முழுக்க அமுக்கினேன். மறுபடி போனபோது மேடம் என் கையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பந்தை நான் உள்ளங்கையாலும் கடைசி மூன்று விரல்களாலும் அமுக்கியிருக்கிறேன். வலிக்கிற இரண்டு விரல்களும் சும்மா மேலே ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கின்றன. கை அவ்வளவு கள்ளத்தனம் பண்ணும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பொம்மை மறுபடி என் கண்ணில் பட்டது. மகள் அதைப் பாதி பிரித்து, பிடிக்காமல், கட்டிலுக்கு அடியில் வீசியிருந்தாள். பெருக்கும்போது விளக்குமாற்றில் மாட்டிக்கொண்டு வந்தது. ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே. ஒரு கால் நீண்டும் மற்றது காரின் பின்பக்கமாகவும். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அரைகுறையாகக் கிடக்கிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. ஒன்று ஆளாக்கு, இல்லை காராக்கு, அப்புறம் தூக்கிக் குப்பைக் குழியில் போடு என்று தரையில் உட்கார்ந்தேன்.

முடியவில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை, படங்களும் அம்புக்குறிகளும் மட்டும். ஒரு படத்தில் கார் கதவு திறந்திருக்கிறது, அதற்கு அடுத்த படத்தில் முழங்கையோடு ஒரு கை நீண்டிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பது அதைச் செய்தவனுக்கே வெளிச்சம். கதவின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதில் நகத்தைக் கொடுத்து, பெருவிரலால் எதிர்ப்பக்கம் அழுத்தி, இரண்டு நுனியும் ஒன்றையொன்று தேடிப் பிடித்தால்தான் அது திறக்கும். உள்ளங்கைக்கு அங்கே வேலையே இல்லை. மூன்று விரலால் ஏமாற்றப் பார்த்தேன், வழுக்கிவிட்டது. முழுக் கையாலும் பிடித்து முறுக்கினேன், என் தோலைக் கவ்வி இரத்தம் கட்டவைத்தது. வலி மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் போனது. மேடம் அழுத்திப் பார்த்த அதே இடத்தில் வலித்தது.

அன்றைக்கு அது திறக்கவில்லை. அதைக் குழியிலும் போடவில்லை. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பிறகு தினமும் அதனோடு மல்லுக்கட்டினேன். எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அது கேட்டது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எடுப்பேன், அந்த வார்த்தைகள் அவள் காதில் விழக் கூடாது என்று. ஒரு முழங்கையைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கால் பிரியும்போது மூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்லில் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டால் இடுப்பு கழன்று விழும். தலை ஒருநாள் ஒழுங்காக வெளியே வந்தது. ‘டக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் மண்டை வெளியே வந்ததற்கு ஒரு பெண்ணுக்குத் தாயானவள் இப்படிப் பூரிக்கிறாளே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் புடவைக் கொசுவத்தை என் விரல்களே பிடித்துச் செருகின. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன்.

ஆகவே அதன் நல்ல குணம் இதுதான். அதை ஏமாற்ற முடியாது. தப்பான விரலுக்கு அது மசியாது. இறுக்கமாக இருக்கிறது என்று அதை யாராவது குறை சொல்லலாம், ஆனால் அந்த இறுக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது. மற்றபடி மேலே நான் சொன்ன குறைகள் அத்தனையும் குறைகளே. ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் கதவுப் பள்ளம் என் நகத்தைப் பிய்த்து நான் அழுதுகொண்டிருந்தபோது உள்ளே வந்தார். விரலைப் பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலையில் பொம்மையைக் காணவில்லை.

சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு, சட்டைக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“இந்தா, இப்பப் பிரிச்சுப் பாரு. வெண்ணெ மாதிரி வரும்.”

ஜீப்புக்குப் போடுகிற கறுப்புக் கிரீஸை ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் திணித்திருந்தார். இறுக்கமாக இருந்த பற்களையெல்லாம் அரத்தால் ராவியிருந்தார். நான் கையில் வாங்கியதும் இரண்டு கையும் தாமாகவே தொங்கிவிட்டன. கால்கள் ஆடின. கள்ளுக் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறவனைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. என் விரலெல்லாம் கிரீஸ் அப்பி, அந்த எண்ணெய் நாற்றமும் பழைய நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. தலையைத் தொட்டேன். தொடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது.

“யாரு உங்கள இதத் தொடச் சொன்னா?” என்று கத்தினேன். “எனக்கு வேல வைக்கிறதே அந்த இறுக்கந்தான். அதப் போயி ராவிக் கொண்டாந்து நிக்கிறீங்களே! இதுக்கு என் கையையே ராவிருக்கலாம்ல?”

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மலைப்பாதையில் நின்றுபோன எந்த வண்டியையும் கிரீஸும் அரமும் வைத்துக் கிளப்பிவிடுகிற மனிதர். எது இறுகினாலும் தளர்த்த வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியும். “நீ அழுதியே…” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்குப் பாவமாகவும் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கிரீஸ் கொஞ்சம் போனது, ராவிய பல் திரும்பி வரவில்லை. மறுபடி அந்த இளிக்கிற பந்தை எடுத்தேன். கை மறுபடி தன் கள்ளத்தனத்தைக் காட்டியது.

அந்த நிலைமையில்தான் சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். வேலைக்கு ஆவேனா இல்லையா என்று ஒரு நாள் வந்து காய் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். போனேன். பழகின காடு, பழகின செடி. தூரில் உட்கார்ந்து சரத்தைத் தூக்கினேன். முற்றின காயைப் பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. நுனி இரண்டும் சேருவதற்குள் வழுக்கியது. இன்னும் இறுக்கினேன். காயோடு சேர்ந்து சரம் பாதிக்குக் கிழிந்து, பூவும் பிஞ்சுமாக என் கையில் வந்தது. அடுத்த செடியிலும் அப்படியே. சூப்பர்வைசர் கிழிந்த சரத்தைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். வயதான மனிதர், நான் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்தே என்னைத் தெரியும்.

“ஏம்மா, இப்பிடி எடுத்தா செடி தாங்காது. அடுத்த எடுப்பு வரைக்கும் நான் மேல சொல்லாம வச்சிருக்கேன். அப்பவும் இப்பிடித்தான்னா பேர வெட்டிருவாக. என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

வீட்டுக்கு வந்து நடந்ததை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்தாமல் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பிறகுதான் நான் கேள்விப்பட்டேன். அந்த அட்டைப்பெட்டியை ஜீப்பில் போட்டுக்கொண்டு, சவாரி போகிற இடத்திலெல்லாம் இதே மாதிரிப் பொம்மை கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். கட்டப்பனையில், கம்பத்தில், போடிமெட்டுக்குக் கீழே போடி வரைக்கும் போய். எங்கும் இல்லை. ரிமோட் கார் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, இது இல்லை. ஒரு கடைக்காரர், “பிள்ளைக்கு என்ன வயசு அண்ணாச்சி?” என்று கேட்டாராம். “நாப்பது” என்றாராம் இவர்.

கடைசியில் லயத்துப் பைப்படியில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறாள். பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டு, பீரோ மேலேயிருந்து அதே பெட்டி ஒன்றை இறக்கித் தந்திருக்கிறாள். வளைகுடாவில் இருக்கிற அவள் தம்பி இரண்டு அனுப்பியிருக்கிறான். “எங்க வீட்டுல ரெண்டும் பொட்டப் புள்ளைக. இத வச்சு என்ன செய்ய? அதான் ஒண்ண கிறிஸ்மஸுக்கு…” என்று இழுத்தாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டிலும் பொட்டப்பிள்ளைதான் என்பது அவளுக்குத் தெரியாதா? தன் பிள்ளைகளுக்கு ஆகாதது என் பிள்ளைக்கு ஆகுமா? விரலை ஆட்டாதே ஆட்டாதே என்று தினமும் வந்து ஓதி என் கையை விறைக்க வைத்ததும் இவள்தான், தூசி படிந்த குப்பையைச் சுற்றிக் கொடுத்ததும் இவள்தான். அந்தக் குப்பையை நம்பித்தான் என் வீடு நின்றது என்பதற்காக அவளிடம் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பூசையில் அவள் குரலெடுத்துப் பாடும்போது நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவர் வாசலில் நின்று பெட்டியை நீட்டினார். ஒட்டின டேப் ஒட்டினபடி இருந்தது.

“நான் தொடல,” என்றார். “பெட்டியக்கூடத் தெறக்கல. நீயே பாத்துக்க.”

பெட்டியை வாங்கி டேப்பைப் பிய்த்தேன். திறந்ததும் அதே நாற்றம் குப்பென்று வந்தது. அதே கேடுகெட்ட மூஞ்சி. ஒன்றைச் சகித்தது போதாதென்று இன்னொன்று. கதவுப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்தேன். கல்லைப் போல இறுகியிருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தேன். வெகு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று அவர் சொல்கிறார்.

அடுத்த எடுப்பு வரும் வரைக்கும் எனக்கு வேறு வேலையே இல்லை. சோறு கொதிக்கும்போது அதைக் காராக்கினேன். துணி காயும்போது ஆளாக்கினேன். விரலில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போனது. வெள்ளிப் பூச்சு முழுவதும் என் கையில்தான் உரிந்தது. உரிந்து தீர்ந்ததில் ஒரு நன்மை, அப்புறம் சோற்றில் ஒன்றும் மினுங்கவில்லை.

காய் எடுக்கப் போன அன்றைக்குச் சூப்பர்வைசர் என் பின்னாலேயே நின்றார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரத்தைத் தூக்கினேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. திருகினேன். காய் தனியாக வந்தது. சரம் ஆடிவிட்டு நின்றது, பூ உதிரவில்லை. அடுத்த காய். அடுத்தது. முன்பு எடுத்த வேகம் இல்லை, பாதிகூட இல்லை. அவர் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். திரும்பவும் கூடையிலேயே போட்டார். “மத்தியானத்துக்குள்ள இந்த வரிசைய முடிச்சிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். செடிகளுக்கு நடுவில் யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு வரிசையை முடித்தேன்.

பேர் வெட்டப்படவில்லை. வீடு இருக்கிறது. கதை அதோடு முடிந்திருந்தால் பொம்மையை அன்றைக்கே குழியில் போட்டுத் தீ வைத்திருப்பேன். புகை கடைசி வீட்டுப் பக்கம் போகிற மாதிரிக் காற்று பார்த்து வைத்திருப்பேன். ஆனால் கை அப்படி விட்டுவிடவில்லை. மலைக் குளிரில் காலை விடிந்தால் விரல்கள் மறுபடி விறைத்துக்கொள்கின்றன. மேடத்திடம் கேட்டேன். “வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் பண்ணுங்க. விட்டுட்டா பழையபடி ஆயிடும்” என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதனால் இன்றைக்கும் விடிந்ததும் பாலில்லாத கட்டங்காப்பி வைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு அசிங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதும் இப்போது பழசாகிவிட்டது. இடது இடுப்பில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. நேற்றைவிட நீண்டிருக்கிறதா என்று தினமும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். இதைச் செய்த கம்பெனிக்காரன் இன்னும் கொஞ்சம் கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்திருக்கக் கூடாதா என்று அவனைத் திட்டுகிறேன். கால் பிரியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். உடைந்துவிடக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொள்கிறேன். எதற்காகவெல்லாம் வேண்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இன்று காலையில் மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தலையை நெம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“அம்மா, நானும் ஒருக்கா மாத்திப் பாக்கவா?”

“தொட்டியோ, கைய ஒடிச்சுப்புடுவேன்” என்றேன்.